சாவி யார் கையில்?

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் லாரி, முட்டை, ஜவ்வரிசி, தறி, கொலுசு என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் கணக்கு வழக்கு இன்று போனுக்குள்தான் இருக்கிறது. அந்தப் போனுக்குள் நுழையும் பாஸ்வேர்டு மட்டும் ஆடிட்டர் ஆபீஸிலும், பிரவுசிங் சென்டரிலும், வெளியூரில் வேலை பார்க்கும் மகனிடமும் கிடக்கிறது. பாஸ்வேர்டு மேனேஜரைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கே: ஏனுங்க, தீவனத்துக்குப் பணம் கட்டறதுல இருந்து கரன்ட் பில் வரைக்கும் எல்லாம் போன்லதான். பாஸ்வேர்டை எல்லாம் ஒரு நோட்டுல எழுதி பீரோவுல வெச்சிருக்கேன். அதுக்கு மேல மேனேஜர் எதுக்குங்க?
*— கோழிப்பண்ணை உரிமையாளர், புதுச்சத்திரம்*

ப: நோட்டைக் குறை சொல்ல மாட்டேன். மாஸ்கோவில் உட்கார்ந்திருக்கும் திருடனால் புதுச்சத்திரத்துப் பீரோவைத் திறக்க முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பத்துக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு இருக்கும், கடைசி எண் மட்டும் மாறும். கையால் எழுதி, கையால் அடிக்க வேண்டும் என்றால் யார்தான் நீளமாக, வெவ்வேறாக வைப்பார்கள்?

ஏதோ ஒரு துணிக்கடை ஆப்பிலிருந்து உங்கள் ஈமெயிலும் பாஸ்வேர்டும் கசிகின்றன என்று வையுங்கள். திருடனின் மென்பொருள் அதே ஜோடியை ஈமெயில், வங்கி, ஜிஎஸ்டி என்று வரிசையாகப் போட்டுப் பார்க்கும். வீட்டுக்கும் குடோனுக்கும் பீரோவுக்கும் ஒரே சாவி வைத்திருப்பவர், ஒன்றைத் தொலைத்தால் மூன்றையும் தொலைத்தார். மேனேஜர் ஒவ்வொரு கதவுக்கும் தனிச் சாவி செய்து கொடுக்கிறது. அத்தனையையும் தானே வைத்துக்கொண்டு, வேண்டியபோது எடுத்தும் நீட்டுகிறது. நோட்டுக்கும் ஒரு வேலை உண்டு. கீழே வருகிறேன்.

கே: உலகத்திலேயே மோசமான பாஸ்வேர்டு எது?
*— பள்ளி மாணவர், ஆத்தூர்*

ப: 123456. 2009-ல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் வெளியே கொட்டின. அதில் 2.9 லட்சம் பேர் வைத்திருந்தது இந்த ஆறு எண்களைத்தான். அன்று கொட்டிய பட்டியலை வைத்தே இன்றும் திருடர்கள் முயன்று பார்க்கிறார்கள்.

கே: நான் மாம்பழப் பெயரோடு பிறந்த வருஷத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன். யாருக்குத் தெரியப்போகிறது?
*— வங்கி ஊழியர், சேலம்*

ப: சேலத்துக்காரர் என்று தெரிந்தால் முதல் ஊகமே மாம்பழம்தான். பிறந்த வருஷம் ஃபேஸ்புக்கில் இருக்கிறது. இன்றே மாற்றுங்கள்.

கே: எனக்கு மூணு வண்டி. ஃபாஸ்டேக், பரிவாகன், ஈ-வே பில், ஜிபிஎஸ், டீசல் கார்டு, இன்சூரன்ஸ்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு லாகின். மறக்காம இருக்க வண்டி நம்பரையே பாஸ்வேர்டா வெச்சிட்டேன். தப்பா?
*— லாரி உரிமையாளர், சங்ககிரி*

ப: டிஎன் 52 என்று தொடங்கும் அந்த நம்பரை முன்னாலும் பின்னாலும் பெயின்டில் எழுதி, கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஒவ்வொரு டோல்கேட்டிலும் காட்டிவிட்டுத்தானே வருகிறீர்கள்? ஊரறிந்த எண் எப்படி ரகசியமாகும்?

நீங்கள் அடுக்கிய லாகின்களில் முதலில் ஈ-வே பில்லைக் கவனியுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகருக்கும் அங்கே இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். பாஸ்வேர்டு போட்ட பிறகு ஓடிபியும் கேட்கும். ஆபீஸில் பில் போடும் பையனுக்கு உங்கள் பாஸ்வேர்டையும் சொல்லி, ஓடிபியையும் ஒவ்வொரு முறை போனில் வாசித்துக் காட்டுவது தொல்லை, ஆபத்தும்கூட. அந்தத் தளத்திலேயே துணைப் பயனர் கணக்கு உருவாக்கும் வசதி இருக்கிறது. பையனுக்கு அவன் பெயரில், அவன் மொபைல் எண்ணில், பில் போடும் உரிமை மட்டும் கொடுங்கள். வேலையை விட்டுப் போனால் அந்தக் கணக்கை மட்டும் முடக்கினால் போதும்.

மற்ற லாகின்களை எல்லாம் மேனேஜரில் ஏற்றிவிடுங்கள். வண்டி நம்பர் வண்டியிலேயே இருக்கட்டும்.

கே: பாஸ்வேர்டு மேனேஜர் உள்ளே என்ன நடக்கிறது? புரியும்படி சொல்லுங்கள்.
*— கணித ஆசிரியை, ராசிபுரம்*

ப: நீங்கள் ஒரே ஒரு பாஸ்வேர்டை மட்டும் நினைவில் வைக்கிறீர்கள். அதன் பெயர் மாஸ்டர் பாஸ்வேர்டு. அதை மென்பொருள் பல லட்சம் முறை கணக்கில் போட்டு அரைத்து, ஒரு நீண்ட எண்ணாக மாற்றும். அந்த எண்ணை வைத்துத்தான் மற்ற பாஸ்வேர்டுகள் எல்லாம் உங்கள் போனிலேயே மறையெழுத்தாக மாற்றப்படுகின்றன. நிறுவனத்தின் கணினிக்குப் போவது அந்த மறையெழுத்து மட்டும்தான். மாஸ்டர் பாஸ்வேர்டு போவதில்லை. நல்ல மேனேஜர்கள் எல்லாம் இந்த முறையில்தான் இயங்குகின்றன.

இவ்வளவு அரைப்பது எதற்கு என்று கணித ஆசிரியை கேட்பார். ஒரு முறை சரிபார்க்க உங்களுக்கு அரை நொடி கூடுதலாக ஆனால் தெரியாது. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்க வேண்டிய திருடனுக்கு ஒவ்வொரு ஊகத்துக்கும் அந்தச் செலவு விழும். பிட்வார்டன் என்ற மேனேஜர் இந்தச் சுற்றை 6 லட்சமாக வைத்திருக்கிறது.

கே: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால், அந்த இடமே கொள்ளை போனால் என்ன செய்வது?
*— ஜவ்வரிசி ஆலை மேலாளர், சேலம்*

ப: கேட்க வேண்டிய கேள்வி. அப்படி ஒன்று நடந்தும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் லாஸ்ட்பாஸ் என்ற பெரிய மேனேஜர் நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். பிறகு அதன் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் ஒற்று மென்பொருளை நுழைத்து, அவர் அடித்த மாஸ்டர் பாஸ்வேர்டையே பிடித்தார்கள். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகள் இருந்த பெட்டகங்களின் பிரதிகள் கையோடு போயின. பிரதிகள் போனதை அந்த டிசம்பரில் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

போன பெட்டகங்கள் மறையெழுத்தில்தான் இருந்தன. ஆனால் எந்தெந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் வெட்டவெளிச்சமாக இருந்தன. நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தவரின் பெட்டகத்தைத் திறப்பது மிக மிகக் கடினம். பேரன் பெயரும் 123-ம் வைத்திருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய கணக்குகள் சிலவற்றில் நான் மேலே சொன்ன அரைக்கும் சுற்றும் குறைவாக இருந்தது.

இதிலிருந்து மூன்று பாடம். மாஸ்டர் பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும். மேனேஜருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு போட வேண்டும். நிறுவனம் தவறு செய்தால் மறைக்காமல் சொல்கிறதா என்று பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஒரே பாஸ்வேர்டை இருபது இடத்தில் வைப்பதைவிட மேனேஜர் பல மடங்கு மேல். அந்த இருபதில் பலவீனமான தளம் எதுவோ, உங்கள் பாதுகாப்பு மொத்தமும் அதன் அளவுதான்.

கே: எந்த மேனேஜர் வாங்கலாம்? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
*— விசைத்தறி உரிமையாளர், குமாரபாளையம்*

ப: ஒரே வார்த்தையில் சொன்னால் ஏமாற்றுவேன். ஆளைப் பொறுத்து மாறும்.

ஆண்ட்ராய்டு போன் மட்டும் வைத்திருப்பவர், புதிதாக எதையும் கற்க மனமில்லாதவர்: போனிலேயே இருக்கும் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர் போதும். ஆனால் கூகுள் கணக்கு போனால் எல்லாமே போகும். அதற்கு இரட்டைச் சரிபார்ப்பு போடாமல் இதைத் தொடாதீர்கள். ஐபோன்காரர்களுக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஆப்பிளின் பாஸ்வேர்ட்ஸ் ஆப் தனியாகவே வந்துவிட்டது.

போன் ஒரு கம்பெனி, ஆபீஸ் கணினி வேறு கம்பெனி என்று இருப்பவர்: பிட்வார்டன். 2016-ல் வந்தது. இலவசத் திட்டத்திலேயே எத்தனை பாஸ்வேர்டும் எத்தனை கருவியிலும் வைக்கலாம். அதன் மூல நிரல் எல்லோரும் படித்துப் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது.

ஆபீஸில் பலர் பகிர வேண்டும், தமிழ்நாட்டு நிறுவனம் என்றால் மனதுக்கு நெருக்கம் என்பவர்: ஜோஹோ வால்ட். சென்னையில் வளர்ந்து தென்காசிப் பக்கத்துக் கிராமம் வரை அலுவலகம் கொண்டுபோன அதே ஜோஹோதான். தனிநபருக்கு இலவசம், குழுவுக்குக் கட்டணம்.

இன்டர்நெட்டையே நம்பாதவர்: கீபாஸ். ஜெர்மானியர் டொமினிக் ரெய்க்ல் 2003-ல் எழுதியது. எல்லாம் ஒரே கோப்பாக உங்கள் கணினியிலேயே இருக்கும். பிரதி எடுத்து வைக்கும் பொறுப்பும் உங்களுடையது. ஹார்டு டிஸ்க் போய், பிரதியும் இல்லையென்றால் யாரும் உதவ முடியாது.

உங்கள் தறிக்கூடத்துக்கு என்றால் பிட்வார்டனில் தொடங்குங்கள். பிறகு ஆள் கூடினால் குழுத் திட்டத்துக்குப் போகலாம்.

கே: இலவசமாகக் கொடுக்கிறார்களே, அதுவே சந்தேகமாக இல்லையா?
*— மளிகை மொத்த வியாபாரி, லீ பஜார், சேலம்*

ப: சந்தேகப்படுவது வியாபாரியின் நல்ல குணம். இங்கே கணக்கு நேரடியானது. நிறுவனங்களும் கூடுதல் வசதி கேட்பவர்களும் கொடுக்கும் சந்தாவில்தான் இவர்களுக்கு வருமானம். உங்களை இலவசமாகச் சேர்த்தால் நாளைக்கு உங்கள் கடைக்கும் இதையே வாங்குவீர்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். சந்தேகப்பட வேண்டியது பெயரே கேள்விப்படாத ஆப், ப்ளே ஸ்டோருக்கு வெளியே வாட்ஸ்அப்பில் வரும் ஆப் இவற்றை.

கே: மாஸ்டர் பாஸ்வேர்டு எப்படி வைப்பது? சினிமாப் பாட்டின் முதல் வரி வைக்கலாமா?
*— கல்லூரி மாணவி, திருச்செங்கோடு*

ப: பாட்டு வேண்டாம், குறளும் வேண்டாம். பலருக்கும் தெரிந்த வரிகள் திருடர்களின் பட்டியலிலும் இருக்கும். 1995-ல் ஆர்னால்டு ரெயின்ஹோல்டு என்பவர் ஓர் எளிய வழி சொன்னார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக்கொண்டு, பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். இப்படி ஐந்து சொற்களைச் சேர்த்தால் மொத்தச் சேர்க்கைகள் 2.8 லட்சம் கோடி கோடியைத் தாண்டும்.

தமிழில் இதைவிடச் சுலபமாகச் செய்யலாம். தடித்த அகராதி ஒன்றைக் கண்ணை மூடி ஐந்து இடத்தில் திறந்து விரல் வையுங்கள். விரல் விழுந்த சொற்களை ஆங்கில எழுத்தில் இடைக்கோடு போட்டுச் சேருங்கள். நுங்கு, ஜன்னல், சாம்பல், குடை, உழவு என்று வந்தால் ஒரு சின்னக் கதை கட்டி மனதில் வையுங்கள். நான் எழுதிவிட்டதால் இந்த ஐந்தும் இனி உதவாது. உங்களுக்குப் பிடித்த சொல் வரும்வரை விரலை நகர்த்தாதீர்கள். மனம் சுற்றிச் சுற்றி ஊர், சாமி, காதலன் பெயருக்கே வந்து நிற்கும்.

கே: அந்த ஒன்றையும் மறந்துவிட்டால்?
*— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மோகனூர்*

ப: பெரும்பாலான மேனேஜர்களில் நிறுவனத்தாலேயே திறந்து கொடுக்க முடியாது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். டேலி கணக்கு மென்பொருளில் டேலிவால்ட் பாஸ்வேர்டை மறந்தால் டேலிக்காரர்களே வந்தாலும் அந்தக் கணக்கு திறக்காது. உங்களைத் தவிர யாருக்கும் திறக்காது என்பதற்குக் கொடுக்கும் விலை அது.

நோட்டுக்கு வேலை உண்டு என்று சொன்னேன் அல்லவா, இங்கேதான். மாஸ்டர் பாஸ்வேர்டையும், இரட்டைச் சரிபார்ப்புக்குத் தரும் மீட்புக் குறியீட்டையும் ஒரு தாளில் பேனாவால் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நிலப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். போனில் படம் எடுக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் கைரேகையை நம்பாமல் தினம் ஒரு முறையாவது கையால் அடியுங்கள். பிறகு விரலுக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

கே: வங்கித் தளத்தில் மேனேஜர் பாஸ்வேர்டை நிரப்ப மாட்டேன் என்கிறது. கெட்டுப்போய்விட்டதா?
*— வெற்றிலை வியாபாரி, பரமத்திவேலூர்*

ப: கெடவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

நாம் தளத்தை முகம் பார்த்து அடையாளம் காண்கிறோம். வங்கியின் சின்னம், நிறம், எழுத்து மூன்றும் சரியாக இருந்தால் நம்பிவிடுவோம். போலித் தளம் செய்கிறவனுக்கு அவற்றை நகலெடுக்கப் பத்து நிமிடம் போதும். மேனேஜர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஓர் எழுத்து மாறினாலும் நிரப்பாது. மனிதக் கண்ணுக்கு வராத கூர்மை இது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கலாம். இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும் முகவரி அது, கண்டவரும் வாங்க முடியாது. நீங்கள் பழைய முகவரியில் சேமித்திருந்தால் புதிய முகவரி மேனேஜருக்கு அந்நியம், அதனால் நிரப்பாது.

எரிச்சலில் பாஸ்வேர்டைக் காப்பி எடுத்து ஒட்டிவிடாதீர்கள். வந்த லிங்க்கை மூடுங்கள். முகவரியை நீங்களே அடித்துப் போங்கள். முடிவில் 'டாட் பேங்க் டாட் இன்' இருக்கிறதா, அதற்கு முன்னால் இருப்பது உங்கள் வங்கியின் பெயர்தானா என்று பாருங்கள். சரியாக இருந்தால் மேனேஜரில் அந்த வங்கிப் பதிவைத் திறந்து, புதிய முகவரியைக் கூடுதலாகச் சேர்த்துச் சேமியுங்கள். அடுத்த முறை தானாக நிரப்பும்.

கே: வண்டிக்குச் சலான் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வருகிறது. மேனேஜர் இருந்தால் அதிலிருந்து தப்பிக்கலாமா?
*— டேங்கர் லாரி டிரைவர், நாமக்கல்*

ப: தப்பிக்க முடியாது. போலித் தளத்தில் பாஸ்வேர்டு கேட்டால் மேனேஜர் காப்பாற்றும். நீங்களே ஒரு ஆப்பைப் போனில் ஏற்றிக்கொண்டால், அது உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும், ஓடிபியைத் தூக்கும். 'ஏபிகே' என்று முடியும் எதையும் வாட்ஸ்அப்பிலிருந்து திறக்காதீர்கள். சலான் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் நீங்களே வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

கே: எங்கள் ஆபீஸில் கட்சிக்காரர்களின் ஜிஎஸ்டி, வருமான வரி, டிடிஎஸ் பாஸ்வேர்டு எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் இருக்கிறது. எல்லாக் கணினியிலும் அது இருக்கிறது. பரவாயில்லையா?
*— ஆடிட்டர் ஆபீஸ் கணக்கர், சேலம்*

ப: பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த ஷீட்டில் இருப்பது ஊரார் தொழில். ஒரு பென்டிரைவில் ஏறினால் யார் எடுத்தார்கள் என்றுகூடத் தெரியாது. பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விசாரணை வந்தால் முதலில் நிற்பது ஷீட்டைத் தொட்ட நீங்கள் எல்லோரும்தான்.

குழுவுக்கான மேனேஜரில் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் ஒரு தொகுப்பு வையுங்கள். எந்த ஊழியர் யாருடைய கணக்கைப் பார்க்கிறாரோ அவருக்கு அது மட்டும் தெரியட்டும். யார் எப்போது எடுத்தார் என்ற பதிவும் இருக்கும். ஏற்றி முடித்ததும் பழைய ஷீட்டை எல்லாக் கணினியிலிருந்தும், ஈமெயிலில் அனுப்பிய பிரதியையும் சேர்த்து அழியுங்கள். எல்லா பாஸ்வேர்டுகளையும் ஒரு சுற்று மாற்றுங்கள்.

கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் ஈமெயிலும் மொபைல் எண்ணும் உங்களுடையதா என்று பாருங்கள். ஆடிட்டர் எண் இருந்தால் ஓடிபி அங்கேதான் போகும். ஆடிட்டரை மாற்றும் நாளில் உங்கள் தொழிலுக்குள் நீங்களே நுழைய முடியாமல் நிற்பீர்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஆவணங்களோடு தங்கள் வரி அலுவலரிடம் போய் ஈமெயிலையும் எண்ணையும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஆடிட்டரை நம்புங்கள், நம்பாமல் தொழில் நடக்காது. எண் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

கே: பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் விண்ணப்பம் போட்டபோது பிரவுசிங் சென்டர் அண்ணாதான் ஈமெயில் ஆரம்பித்துக் கொடுத்தார். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். நல்லவர்தான். மாற்றினால் தப்பாக நினைப்பாரா?
*— முதலாம் ஆண்டு மாணவி, ஓமலூர்*

ப: நல்லவர் தப்பாக நினைக்க மாட்டார். இன்றே மாற்றுங்கள். அந்த அண்ணா நல்லவராக இருக்கலாம், அவருடைய கணினியில் நாள் முழுவதும் உட்கார்ந்து எழுபவர்கள் எல்லோரையும் உங்களுக்குத் தெரியாது.

பாஸ்வேர்டு எப்படி இருக்கும் என்று ஊகிக்கவா? பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறகு பிறந்த வருஷம். இ-ஆதார் கோப்பைத் திறக்க ஆதார் ஆணையம் வைத்திருக்கும் வழி அது. அதையே பழகிப் பழகி நம் ஊரில் ஈமெயிலுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. உங்கள் மார்க் ஷீட்டைப் பார்த்தவர் யாரும் அதைக் கட்டிவிடலாம்.

மாற்றிய பிறகு, அதே கணக்கில் 'மீட்பு மொபைல் எண்' யாருடையது என்று பாருங்கள். பிறகு 'எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துங்கள். நாளைக்கு டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவுக்கும், வேலைக்கும், வங்கிக்கும் இந்த ஈமெயில்தான் போகப்போகிறது.

கே: மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்களே?
*— கூட்டுறவுச் சங்கச் செயலர், சேந்தமங்கலம்*

ப: பழைய விதி. 2003-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் எழுதிய கையேட்டிலிருந்து உலகமெங்கும் பரவியது. மக்கள் செய்தது என்ன? கடைசி எண்ணை 1-லிருந்து 2 ஆக்கினார்கள். 2017-ல் அந்த நிறுவனமே விதியைத் திருத்தியது. கசிந்தது என்று தெரிந்தால் மாற்று, சும்மா மாற்ற வைக்காதே, நீளத்தைக் கூட்டு என்றது. பில் பரும் தாம் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக அதே ஆண்டு சொன்னார்.

கசிந்ததா என்று தெரிய, 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் உங்கள் ஈமெயிலைப் போட்டுப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கியது. நல்ல மேனேஜர்களும் கசிந்த பாஸ்வேர்டை எடுத்துச் சொல்லும்.

கே: ஓடிபிதான் வருதே. அப்புறம் பாஸ்வேர்டைப் பத்தி எதுக்குக் கவலை?
*— பேன்சி ஸ்டோர் உரிமையாளர், எடப்பாடி*

ப: ஓடிபியைத் திருட ஓர் இனிமையான குரலும் ஒரு போன் அழைப்பும் போதும். இரண்டு பூட்டு இருக்கும்போது ஒன்றைத் திறந்தே வைப்பானேன்?

கே: யுபிஐ பின்னையும் மேனேஜரில் வைக்கலாமா?
*— டீக்கடைக்காரர், பள்ளிபாளையம்*

ப: வேண்டாம். தினம் அடிக்கும் 4 அல்லது 6 எண், மனதிலேயே இருக்கட்டும். பணம் வாங்குவதற்கு அந்த எண்ணே தேவையில்லை என்பதையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள்.

கே: ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். எரிச்சல்தான் மிச்சம். ஒரே தளத்துக்கு மூன்று பதிவு, சில இடத்தில் நிரப்புது, சில இடத்தில் இல்லை. விட்டுவிடலாமா?
*— கொலுசுப் பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்*

ப: விடாதீர்கள். எரிச்சலில் பாதிக்குக் காரணம் ஒன்றுதான். போனில் இரண்டு மேனேஜர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. போன் செட்டிங்ஸில் தானாக நிரப்பும் சேவை எது என்ற இடத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். குரோமில் 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா' என்று கேட்பதையும் நிறுத்துங்கள்.

அடுத்த தவறு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் ஏற்ற முயல்வது. அப்படிச் செய்தவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் ஈமெயில், வங்கி, ஜிஎஸ்டி மூன்றும் போதும். மீதியை, எந்தத் தளத்துக்கு எப்போது போகிறீர்களோ அப்போது ஏற்றுங்கள். ஒரு மாதத்தில் நீங்கள் உண்மையில் பயன்படுத்துவது எல்லாம் உள்ளே வந்திருக்கும். வராதது உங்களுக்குத் தேவையில்லாதது.

மேனேஜர் உருவாக்கும் நீளமான பாஸ்வேர்டைச் சில தளங்கள் ஏற்காது. உருவாக்கும் இடத்திலேயே எழுத்து எண்ணிக்கையைக் குறைக்கலாம். மாற்றும்போது முதலில் மேனேஜரில் சேமியுங்கள், பிறகு தளத்தில் மாற்றுங்கள். வரிசை மாறினால் புதிய பாஸ்வேர்டு காற்றில் போய்விடும்.

கே: பாஸ்கீ என்று ஒன்று வந்துவிட்டதாமே. பாஸ்வேர்டே போய்விடுமா?
*— மென்பொருள் பணியாளர், ஏற்காடு அடிவாரம்*

ப: மெல்லப் போகும். 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்தன. பாஸ்கீயில் ரகசியப் பாதி உங்கள் போனில் இருக்கும், தளத்திடம் வெளிப்படையான பாதி மட்டும் இருக்கும். அதனால் தளம் கொள்ளை போனாலும் உங்களுடையது போகாது. கைரேகை வைத்தால் திறக்கும். கொடுக்கும் தளங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் அரசுத் தளங்கள் பலவற்றில் இன்னும் பாஸ்வேர்டுதான். மேனேஜர்கள் இரண்டையும் சேர்த்தே வைக்கின்றன.

கே: மகன் பெங்களூருவில். என் பாஸ்வேர்டு எல்லாம் அவனுக்குத்தான் தெரியும். எனக்கு ஏதாவது ஆனால் அவன் பார்த்துக்கொள்வான். போதுமா?
*— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், நாமக்கல்*

ப: இரண்டு விஷயம், ஐயா. முதலாவது, உங்கள் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு மீட்டிங் என்றால் உங்கள் பென்ஷன் பாஸ்புக்கை நீங்கள் பார்க்க முடியாதா? மேனேஜர் உங்கள் பெயரில் இருக்கட்டும். மகனுக்கு வேண்டியதை அதற்குள்ளிருந்து பகிருங்கள்.

இரண்டாவது, பாஸ்வேர்டு தெரிவதால் மட்டும் பணம் வாரிசுக்குச் சேராது. காலமானவரின் கணக்கில் பாஸ்வேர்டு போட்டுப் பணம் எடுத்தால் சட்டச் சிக்கல் வரும். அதற்கு வழி நாமினி. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை நியமிக்கலாம். எந்த வங்கியில் கணக்கு, எந்த நிறுவனத்தில் பாலிசி என்ற பட்டியலை மேனேஜரில் குறிப்பாக எழுதுங்கள். பல வீடுகளில் பணம் முடங்கிக் கிடப்பது கணக்கு இருப்பதே தெரியாமல்தான். உரிமை கோரப்படாத டெபாசிட்டைத் தேட ரிசர்வ் வங்கி 2023-ல் உத்கம் என்று ஒரு தளமே தொடங்க வேண்டி வந்தது.

பிட்வார்டனின் கட்டணத் திட்டத்தில் அவசர அனுமதி என்று ஒன்று உண்டு. மகன் கேட்டு, நீங்கள் வைத்த நாட்களுக்குள் மறுக்கவில்லை என்றால் பெட்டகம் அவருக்குத் திறக்கும். கூகுளிலும் 3 முதல் 18 மாதம் வரை அசைவில்லாத கணக்கை யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மாஸ்டர் பாஸ்வேர்டு எழுதிய உறை இருக்கும் இடத்தை வீட்டம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள்.

கே: இவ்வளவும் படிச்சாச்சு. இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலைதான் செய்வேன். எதைச் செய்யணும்?
*— ரிக் வண்டி உரிமையாளர், திருச்செங்கோடு*

ப: ஈமெயில். வங்கிக்கு முன்னால் ஈமெயில். எந்தத் தளத்திலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் புதிய பாஸ்வேர்டு வைப்பதற்கான லிங்க் வந்து சேருவது பெரும்பாலும் அங்கேதான். அதைப் பிடித்தவன் மற்றவற்றைத் தனியாகத் திருட வேண்டியதில்லை.

அதற்கு மட்டும் மேனேஜரில் ஒரு புதிய பாஸ்வேர்டு உருவாக்குங்கள், இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். மீட்பு எண் உங்கள் எண்தானா என்று பாருங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டை எழுதி உறையில் வையுங்கள். அரை மணி நேர வேலை. ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணீர் பார்க்கிறவர்களுக்கு இந்த அரை மணி ஒரு பாரமே இல்லை. இன்று ஈமெயில் முடிந்தால், நாளைக்கு ஜிஎஸ்டி.